தூங்குகிறவனின் செருப்பு

1

வான்கூவர் விமான நிலையத்தின் சோதனை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் காலணியைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, நழுவும் கால்சட்டையைப் பிடித்தபடி சாவகாசமாக நடந்து போனார்கள். என் முறை வந்தபோது நான் அப்படியே நின்றுவிட்டேன்.

சோதனைப் பணியில் இருந்த பெண் காலணியைக் கழற்றச் சொன்னார். "நான் அந்தப் பக்கம் வரும்வரை இது யார் கையில் இருக்கும்?" என்று கேட்டேன். வேடிக்கைக்குக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். யார் கையிலும் இருக்காது, இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றார். எதையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பதில் அந்த நாட்டுக்காரர்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. பின்னால் நின்றவர் பெருமூச்சு விட ஆரம்பித்ததால் கழற்றினேன். என் இடது காலில் வெளிப்பக்கத்து விரல்கள் இல்லை. அந்தப் பெண்ணின் பார்வை கீழே போய், சட்டென்று மேலே வந்து, கூரையில் எதையோ தேடியது. எனக்கு இது பழகிவிட்டது.

கொல்லிமலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கால் வெந்தபிறகு ஊருக்குப் போவது அதுதான் முதல் தடவை. வாசலில் இறக்கிவிட்டபோது என் மகள் தேன்மொழி, "தாத்தாகிட்ட சண்டை போடாதீங்கப்பா, ப்ளீஸ்" என்றாள். நான் சண்டை போடப் போகவில்லை. அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப் போனேன். அதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் அவர் சொன்ன ஒரு பதிலால் வந்ததுதான் இவ்வளவும்.

2

நான் இப்போது பார்க்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. தமிழில் சொன்னால் தூக்கக் காவல்.

கனடாவின் மேற்குப் பக்கத்து மலைக்காடுகள் கோடையில் எரியும். எரிகிற இடம் ஊர்களிலிருந்து வெகுதூரம் என்பதால், அணைக்கப் போகிறவர்களுக்குக் காட்டோரம் கூடாரம் போட்டு ஒரு முகாம் அமைப்பார்கள். இரவு வேலை முடித்து வருகிறவர்கள் பகலில் தூங்க வேண்டும். வெயில் படாமல் கறுப்புத் துணி கட்டுவது, ஜெனரேட்டரைத் தள்ளி வைக்கச் சொல்வது, பின்னால் எடுக்கும்போது கத்தும் லாரிகளைச் சுற்றிப் போகச் சொல்வது, சமையல்காரர் பாத்திரத்தைப் போட்டு உருட்டினால் போய் முறைப்பது, இவையெல்லாம் என் பொறுப்பு. ஹெலிகாப்டரை மட்டும் என்னால் அதட்ட முடியவில்லை.

ஊரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அடுத்தவன் தூங்குவதற்குச் சம்பளமா என்கிறார்கள். நம் பக்கத்தில் ஒருவனுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அவன் சரியாக வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். உடம்பு முறிய உழைத்தவனுக்குப் பாய் கண்டதும் தூக்கம் வர வேண்டும் என்பது நம் கணக்கு. காட்டுத்தீயில் அந்தக் கணக்கு செல்லாது. முதல் சில நாள் ஒரு வேகம் இருக்கும். பிறகு உடம்பைக் கீழே போட்டாலும் கண் மூடாது. புகை குடித்த நெஞ்சு இருமிக்கொண்டே இருக்கும். கால் தானாக உதறும். ஒரு வாரம் தாண்டினால் இன்னொரு கட்டம் வரும். அப்போது கண் திறந்திருக்கும், கையில் தண்ணீர்க் குழாய் இருக்கும், ஆள் தூங்கிக்கொண்டிருப்பான். கேட்டால் பதிலும் சொல்வான். அப்புறம் கேட்டால் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்பான்.

நான் தீ அணைக்கும் குழுவில் இருந்த காலத்தில், ஒரு மத்தியானம் பைன் மரங்களுக்கு நடுவே கன்றோடு ஒரு பசுமாட்டைப் பார்த்தேன். குழுத்தலைவரிடம் போய், மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய் நிழலில் கட்டுங்க என்று சுத்தமான தமிழில் சொன்னேனாம். அந்த மனிதர் பயந்துபோய் என் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து உட்கார வைத்தார். மாடு அப்புறமும் கொஞ்ச நேரம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

ஒவ்வொரு பருவத்தின் ஆரம்பத்திலும் ஓர் அதிகாரி வந்து களைப்பைப் பற்றி வகுப்பு எடுப்பார். தூக்கமில்லாதவன் குடித்தவனுக்குச் சமம் என்று படம் போட்டுக் காட்டுவார். அறையில் விளக்கை அணைத்துவிடுவதால் பாதிப் பேர் அந்த வகுப்பிலேயே தூங்கிவிடுவோம்.

இப்போது நான் காவல் காக்கும் கூடாரங்களின் வாசலில் வரிசையாக பூட்ஸ்கள் கிடக்கும். ஒன்று கவிழ்ந்து கிடக்கும், ஒன்று தள்ளிக் கிடக்கும். எழுந்ததும் கால் நுழைக்க வசதியாக அவற்றை நேராக்கி வைப்பேன். யாரும் சொல்லித் தந்த வேலை இல்லை. என் கைக்கு அது பழக்கம்.

3

அந்தப் பழக்கத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

என் அப்பா கொல்லிமலையில் திருப்புலி நாடு என்கிற பகுதியில் மிளகும் மரவள்ளியும் போட்ட சிறு விவசாயி. மாசி, பங்குனியில் புல் காய்ந்து மலைச்சரிவு பற்றிக்கொள்ளும்போது காட்டைக் காக்கத் தற்காலிகக் கூலிக்குப் போவார். பச்சைத் தழையை ஒடித்து அடிப்பார்கள். தீ தாண்டாமல் இருக்கச் சருகைப் பெருக்கிக் கோடு போடுவார்கள். இரண்டு மூன்று நாள் வீட்டுப் பக்கம் வராமல் அங்கேயே கிடப்பார்கள். இருவர் இருவராகத்தான் இருப்பார்கள். ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

தூங்கப் போகிறவர் தன் டயர் செருப்பைக் கழற்றி விழித்திருப்பவர் கையில் கொடுத்துவிடுவார். விழித்திருப்பவர் அதைத் தன் மடியில் வைத்துக்கொள்வார். இதுதான் அந்தப் பழக்கம். தீ திரும்பினால் தூக்கத்திலிருந்து எழுகிறவன் முதலில் செருப்பைத் தேடுவான். கிடைக்காவிட்டால் வெறுங்காலோடு சாம்பலுக்குள் ஓடுவான். சாம்பலுக்கு மேலே ஆறியிருக்கும், அடியில் கங்கு கிடக்கும். அதனால் எழுப்புகிறவர் முதலில் செருப்பைக் காலில் மாட்டிவிட்டுத்தான் தோளைத் தொட வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அடுத்தவன் செருப்பை மடியில் வைத்திருப்பவன் அவனை விட்டுவிட்டு எங்கேயும் எழுந்து போக முடியாது.

செருப்பைக் கையால் தொடுவதை நம் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தீக்கோட்டில் மட்டும் அதெல்லாம் கிடையாது. என் தங்கை ராசாத்திக்குக் கல்யாணமான புதிதில், மாப்பிள்ளை பழனிசாமி ஆசைப்பட்டு அப்பாவோடு தீக்காவலுக்கு வந்தார். நானும் கூடப் போயிருந்தேன். புது மாப்பிள்ளை கொஞ்ச நேரத்திலேயே சுருண்டு படுத்துவிட்டார். மாமனார் அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தார். எழுந்து பார்த்த பழனிசாமிக்கு வெட்கம் தாங்கவில்லை.

"ஐயோ மாமா, ஏனுங்க நீங்க போயி என் செருப்ப..."

"தூங்கறவன் செருப்பு மாப்பிள. அது யாரு செருப்புன்னு பாக்கறதில்ல" என்றார் அப்பா.

பழனிசாமிக்கு இந்தப் பழக்கம் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

4

என் மனைவி நர்ஸ். அவள் வேலைக்காகக் கனடா போனோம். வனவியலில் ஒரு டிப்ளமோ வைத்திருந்த எனக்கு, சில வருடம் நாற்றங்காலில் மண் சுமந்தபிறகு, தீயணைப்புக் குழு ஒன்றில் இடம் கிடைத்தது. பிறகு ராசாத்தி படிப்பு விசாவில் வந்தாள். பழனிசாமியும் பிள்ளைகளும் கூட வந்தார்கள். அங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். பழனிசாமியை என் குழுவில் சேர்த்துவிட்டது நான்தான். மலைக்காரர், தீ பார்த்தவர், நம்பலாம் என்று சொல்லிச் சேர்த்தேன்.

அது ஆகஸ்டு மாதம். பெரிய தீ தாண்டிப் போய்விட்ட ஒரு காட்டுப்பாதையோரம் எங்கள் இருவரையும் ஒரு வண்டியோடு விட்டுவிட்டுக் குழு முன்னால் போயிற்று. மறுபடி புகைந்தால் சொல்ல வேண்டும், மாற்றி மாற்றி ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் என்பது உத்தரவு. இருவருமே சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. பழனிசாமி நின்றபடியே சாய்ந்தார். ஆனாலும் என்னைப் பார்த்து, "நீங்க மொதல்ல படுங்க மச்சான். உங்க கண்ணு ரத்தமா இருக்குது" என்றார்.

நான் பூட்ஸைக் கழற்றினேன். முழங்காலுக்குப் பாதி ஏறும் கனத்த தோல் பூட்ஸ் அது. கயிற்றை அவிழ்க்கவே பொறுமை வேண்டும். தீ எரியும் இடத்தில் எந்தக் காரணத்துக்கும் அதைக் கழற்றக் கூடாது என்பது அந்த நாட்டு விதி. அவர்கள் பூட்ஸோடு தூங்குவார்கள். விதி எனக்கும் தெரியும். ஆனால் பக்கத்தில் இருந்தது என் மாப்பிள்ளை. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கை தானாகக் கழற்றிக் கொடுத்தது. அவரும் ஒன்றும் யோசிக்காமல் கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த நாட்டுக்குப் போனபிறகு அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதே இல்லை.

அனலும் இரைச்சலும் எழுப்பியது. காற்று திரும்பியிருந்தது. சற்றுத் தூரத்தில் மரங்கள் புதிதாகப் பற்றிக்கொண்டிருந்தன. வண்டி இல்லை. மாப்பிள்ளை இல்லை. பூட்ஸ் இல்லை.

காலுறையோடு ஓடினேன். பாதையை நோக்கித்தான் ஓடினேன். அடிமரம் உள்ளுக்குள் எரிந்து குழியாகிப்போன இடத்தில் மேலே சாம்பல் மூடி, பார்க்கத் தரை மாதிரி இருக்கும். இடது கால் அதில் இறங்கியது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. வேறொரு குழுவின் வண்டி என்னைப் பாதையோரம் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டது.

5

பழனிசாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, போர்வைக்குள் மேடாக இருந்த என் காலைப் பார்த்தபடி அழுதார்.

"நெழலுக்காவ வண்டிக்குள்ள போயி உக்காந்தனுங்க மச்சான். பூட்ஸு மடியிலதான் இருந்துச்சு. ரேடியோல எல்லா வண்டியும் பின்னால வான்னாங்க. வண்டிய எடுத்தது ஞாபகம் இருக்குதுங்க. அப்பறம் ஒண்ணுமே ஞாபகமில்லீங்க. கேம்ப்புல நிறுத்திப்போட்டு ஸ்டீரிங்கு மேலயே தூங்கிட்டனாட்ட இருக்குது. உங்களக் காணோமுன்னு வந்து கண்ணாடியத் தட்டறாங்க. முழிச்சுப் பாத்தா மடியில பூட்ஸு. அதப் பாத்தப்பறந்தான் நீங்க ஞாபகம் வந்தீங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபமே வரவில்லை. கன்றோடு மாட்டைப் பார்த்தவன் நான். களைப்பு ஒரு மனிதனின் மண்டையிலிருந்து இன்னொரு மனிதனைத் துடைத்து எறிந்துவிடும் என்பதை என்னைவிட யார் நம்புவார்கள்? "விடுங்க மாப்பிள, யாருக்கும் வரும்" என்றேன். அந்தக் கணம்வரை அவர் எனக்குத் துரோகம் எதுவும் செய்யவில்லை.

விசாரணை வந்தது. அதிகாரி நல்ல பெண்மணி, குரலே உயர்த்த மாட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். என் ஆங்கிலத்தில், மாப்பிள்ளை என் பூட்ஸை வைத்துக்கொண்டார் என்று சொல்லப்போக, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பிடுங்கிக்கொண்டாரா? போலீஸில் சொன்னீர்களா?" என்று கவலையாகக் கேட்டார். மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். எங்கள் மலையில் தூங்குகிறவன் செருப்பைக் கொடுப்பான், விழித்திருப்பவன் காப்பான் என்றேன். அவர் முகத்தில் மரியாதையாக ஒரு வெறுமை பரவியது. காலணியைக் கழற்றியது நானாகச் செய்த விதிமீறலா, அல்லது ஒருவரை நம்பி இன்னொருவர் செய்யும் ஏற்பாடா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. முதலாவது என்றால் தவறு முழுக்க என்னுடையது, இனி தீப்பக்கம் என்னை விடமாட்டார்கள்.

பழனிசாமியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் சொன்னதை எனக்குப் பிறகு வாசித்துக் காட்டினார்கள். பூட்ஸ் எப்படி வண்டிக்குள் வந்தது என்று தெரியாதாம். நான் வேறு குழுவோடு போய்விட்டதாக நினைத்தாராம். செருப்பு கொடுக்கும் பழக்கமா? கேள்விப்பட்டதே இல்லையாம்.

சாயங்காலம் ராசாத்தி வந்தாள். காபி போட்டுத் தருகிறேன் என்று என் வீட்டு அடுப்படியிலேயே நின்றாள், உட்காரவில்லை.

"அண்ணா, காவலுக்கு இருந்துட்டு உட்டுப்போட்டு வந்துட்டாருன்னு எழுதிட்டா வேலை போயிருமுங்கண்ணா. வேலை போச்சுன்னா எங்களத் திருப்பி அனுப்பிருவாங்க. புள்ளைங்க இப்பத்தான் ஸ்கூல்ல ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க."

"எம் பேரு என்ன ஆகும் ராசாத்தி? புத்தி கெட்டவன், தீக்குள்ள பூட்ஸக் கழட்டிப்போட்டுத் தூங்குனவன்னு எழுதுவாங்களே."

"உங்களுக்குத்தான் சிட்டிசன்ஷிப் இருக்குதுங்களேண்ணா" என்றாள்.

மறந்ததை மன்னித்துவிட்டேன். தெரியாது என்று சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை, இன்றுவரை.

6

இதை உறுதிப்படுத்த வேறு யாராவது இருக்கிறார்களா என்று அதிகாரி கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. என் அப்பா என்றேன். வருடா வருடம் தீக்காவலுக்குப் போனவர், அவர் சொல்வார் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். ஆமாங்க, இங்க அப்படித்தான் செய்வோம் என்று அவர் சொன்னால் போதும்.

மலைமேல் சிக்னலை நம்ப முடியாது என்பதால் அப்பாவைக் காரவள்ளிக்கு இறங்கி வரச் சொன்னேன். அடிவாரத்தில் பாய் ஒருவர் டயர் கடை வைத்திருக்கிறார். அப்பா பேச வேண்டியது எல்லாம் அவர் கடையிலிருந்துதான். அங்கே காலை, எங்களுக்கு சாயங்காலம். அலுவலக மேசையில் போனைச் சத்தமாக வைத்தார்கள். மொழிபெயர்க்க ஓர் ஈழத்துப் பெண் வந்திருந்தார். பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"ஐயா, காட்டுத்தீக்குக் காவல் இருக்கேக்க, நித்திரை கொள்ளுறவர் தன்ர செருப்பை முழிச்சிருக்கிறவரிட்டக் குடுக்கிற வழக்கம் உங்கட பக்கம் இருக்கோ?"

போனில் பஸ் ஹாரன் கேட்டது. யாரோ டயரை உருட்டினார்கள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"அப்படி ஒரு பழக்கம் எங்க பக்கம் இல்லீங்க."

அந்தப் பெண் அதிகாரிக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"பையன் பக்கத்துல இருக்கறானுங்களா?" என்று கேட்டது அப்பாவின் குரல். இருக்கிறார் என்றார் அந்தப் பெண். "அப்ப வெச்சரட்டுங்களா" என்று வைத்துவிட்டார்.

விதிமீறல், சொந்தக் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. குழுவிலிருந்து எடுத்தார்கள். பழைய தலைவர் மனம் பொறுக்காமல் பேசி, முகாமில் தூக்கக் காவல் வேலையை வாங்கிக் கொடுத்தார். பழனிசாமி குடும்பத்துக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி வந்தது. அவர் தொடர்ந்து தீக்குப் போகிறார். முகாமில் என்னைக் கண்டால் சாப்பாட்டு வரிசையை விட்டு விலகிப்போகிறார்.

வீட்டில் தேன்மொழி எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறாள். "மாமா ரொம்ப டயர்டா இருந்தாருப்பா. மூளை அப்படித்தான் வேலை செய்யும். நீங்களும் லாஜிக்கா யோசிங்க. நெருப்பு இருக்கிற எடத்துல யாராவது ஷூவைக் கழட்டுவாங்களா?"

"நம்ம ஊர்ல கழட்டுவாங்கம்மா."

"தாத்தாவே இல்லன்னு சொல்லிட்டாரே."

சனி, ஞாயிறு ஆனால் அத்தை வீட்டுக்குப் போய்விடுகிறாள். அங்கே பிள்ளைகளோடு பொழுது போகிறதாம். நான் பொய் சொல்கிறேன் என்று அவள் நினைக்கவில்லை. களைப்பில் நானாகக் கற்பனை செய்துகொண்டேன் என்று நினைக்கிறாள். மாட்டுக் கதையை அவளிடம் சொல்லியிருக்கவே கூடாது.

7

காரவள்ளியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பாய் என்னைக் கண்டுகொண்டார். கடைக்குள் இழுத்து உட்கார வைத்தார். என் நடையைப் பார்த்தார், ஆனால் காலைப் பற்றிக் கேட்கவில்லை.

"உங்கப்பாரு அன்னிக்கு இங்க உக்காந்துதான் பேசுனாருங்க. அதுக்கு மின்னாடியே உங்க தங்கச்சி கூப்புட்டு ரொம்ப நேரம் பேசுச்சு. அழுவற சத்தம் எனக்கே கேட்டுச்சுங்க. அப்பறம் உங்க ஆபீஸ் போனு வந்துச்சு. பேசி முடிச்சவரு டீ வாங்கிக் குடுத்தாக் குடிக்கல. இதே ஸ்டூல்ல ரெண்டு பஸ்ஸ உட்டுப்போட்டுத்தான் ஏறுனாரு."

"பாய், நீங்க இந்தப் பழக்கத்தக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "டயர் செருப்பு விக்கறவன்கிட்டயே கேக்கறீங்க. வார் அறுந்துச்சுன்னு கொண்டுவந்து குடுக்கறவங்க, இது எம்படது இல்லீங்க, தூங்குன ஆளுதுன்னு சொல்லித்தான் குடுப்பாங்க."

மலை ஏறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அந்தக் கேள்வியை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அப்பா வீட்டு வாசலில் நின்றிருந்தார். சிறுத்துப்போயிருந்தார்.

"வா சாமி. பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதா?"

கிடைத்தது என்றேன். சாப்பிட்டோம். அவர் என் காலைப் பார்க்காமலே சோறு போட்டார். கை கழுவியதும் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்கப்பா அப்படிச் சொன்னீங்க?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. மிளகு காயப்போட்டிருந்த சாக்கின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

"ராசாத்தி அழுதுச்சு கண்ணு. உனக்குக் கால்ல போனது போயிருச்சு, திரும்பி வரப்போறதில்ல. அதுங்களுக்குப் பொழப்பே போயிருமுன்னுச்சு."

"நான் பொய்யனாயிட்டனேப்பா. எம் மகளே நம்ப மாட்டீங்கறா."

"நீ தாங்குவ சாமி" என்றார். "மாப்பிள தாங்க மாட்டாரு."

இதைக் கேட்கவா அவ்வளவு தூரம் பறந்து வந்தேன் என்று இருந்தது. தாங்குகிறவன் தலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம் என்று குடும்பம் முழுக்கச் சேர்ந்து முடிவு செய்திருக்கிறது, என்னிடம் மட்டும் கேட்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். அவர் கேட்கவில்லை. சரியானதைச் செய்துவிட்டோம் என்ற தெளிவோடு மிளகைக் கிளறிவிடப் போய்விட்டார்.

மறுநாள் எதிர்ச்சரிவில் புல் பற்றிக்கொண்டது. ஊர் ஆட்கள் தழையோடு அங்கே போனார்கள். வயதானதால் அப்பாவை இந்தப் பக்கத்துக் கோட்டில் காவலுக்கு நிறுத்தினார்கள். நானும் கூடப் போனேன், தனியாக விட மனசு வரவில்லை. உச்சி வெயில். புகை மேலே போய்க்கொண்டிருந்தது, காற்று எங்கள் பக்கம் இல்லை. விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் கண்ணசரட்டுமா கண்ணு?"

படுங்க என்றேன். அவர் ஒரு மரத்தடியில் சருகை ஒதுக்கினார். துண்டை விரித்தார். குனிந்து செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துப் பிடித்து, என்னைப் பார்க்காமலே என் பக்கம் கையை நீட்டினார். அவர் கையும் என் கை மாதிரிதான், யோசிப்பதில்லை.

நான் வாங்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்படி ஒரு பழக்கம் எங்க பக்கம் இல்லீங்க" என்றேன்.

அப்பா கையை மெதுவாக மடக்கினார். செருப்பைத் தன் நெஞ்சின்மேல் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு படுத்தார்.

எதிர்ச்சரிவில் தீ அணைந்து ஆட்கள் திரும்பி வரும்வரை அவர் கண்ணை மூடவில்லை. நானும் அவர் பக்கத்தை விட்டு எழுந்து போகவில்லை.